டேக்கிள் என்றால் தாக்குதலா?

அமெரிக்கக் கால்பந்தில் பந்தோடு ஓடுபவரைக் கைகளால் வளைத்துத் தரையில் சாய்ப்பதுதான் டேக்கிள். நம் ஊர்க் கால்பந்திலும் இதே சொல் உண்டு. அங்கே எதிராளியின் காலிலிருந்து பந்தைப் பறிப்பது என்று பொருள்.

சொல் பிறந்தது கப்பலில். இடைக்கால டச்சு மொழியில் பாய்மரக் கயிறு, தளவாடங்களுக்கு 'டாக்கெல்' என்று பெயர். 13ஆம் நூற்றாண்டில் ஆங்கிலத்துக்கு வந்து, அப்புறம் குதிரைக்குச் சேணம் பூட்டுவதையும், 19ஆம் நூற்றாண்டில் ஆளைப் பிடித்து மல்லுக்கட்டுவதையும் குறித்தது. 1880களில் ரக்பி ஆட்டத்தில் ஏறியது. தூண்டில் சாமான்களுக்கு ஆங்கிலத்தில் இன்றும் இதே பெயர்தான். ஆக, வேரில் இருப்பது கயிறும் பிடியும், முட்டல் இல்லை.

அமெரிக்கக் கால்பந்தில் முட்டலைக் கொண்டுவந்ததில் ஆட்டக்காரர்கள் அணியும் தலைக்கவசத்துக்குப் பங்கு உண்டு. தலை பத்திரம் என்ற தைரியத்தில் அதையே ஈட்டிபோல நீட்டிப் பாய்ந்தார்கள். இதற்கு 'ஸ்பியரிங்' என்று பெயர். தலையைக் குனிந்து மோதும்போது கழுத்துப் பகுதி முதுகெலும்பின் இயல்பான வளைவு நிமிர்ந்துவிடுகிறது. மோதலின் விசை முழுவதும் நேராக அதில் இறங்க, எலும்பு நொறுங்கிக் கை கால் செயலிழக்கலாம். 1976இல் பள்ளி, கல்லூரி ஆட்டங்களில் இதைத் தடைசெய்தபின் இவ்வகைக் காயங்கள் வெகுவாகக் குறைந்தன. மூளையதிர்ச்சி மட்டும் குறையாத தலைவலி. கவசம் மண்டையோட்டைக் காக்கும். உள்ளே மூளை குலுங்குவதை அதனால் நிறுத்த முடியாது. அமெரிக்கக் குழந்தை மருத்துவர்கள் சங்கம் 2015இல் சிறுவர் ஆட்டத்தில் டேக்கிளை அடியோடு தடைசெய்யச் சொல்லவில்லை. தலையால் மோதுவதை அறவே பொறுக்கக் கூடாது, டேக்கிள் இல்லாத போட்டிகளைப் பெருக்க வேண்டும் என்றது.

சரி, தமிழில் என்ன சொல்வது? ஒலி ஒத்திருக்கிறதே என்று 'தாக்கு' என எழுதக் கை போகும். அது தடைசெய்யப்பட்ட செயலின் பெயராகிவிடும்! கபடியில் 'பிடி' என்கிறோம். ஏறுதழுவலில் 'தழுவல்' இருக்கிறது. இரண்டிலும் வேலை கைக்குத்தான். ஆனால் இந்த ஆட்டத்தில் ஆளைச் சாய்க்கவும் வேண்டும் என்பதால் 'வீழ்த்துபிடி' என்பேன். வினையாக, 'பிடித்து வீழ்த்தினான்'.

ஒரு சிக்கல்: பந்தை வைத்திருக்கும் அணியின் முன்வரிசையில் 'டேக்கிள்' என்றே ஓர் ஆட்டக்காரர் நிற்பார். அவர் வேலை பிடிப்பதல்ல, தடுப்பது. அவரை டேக்கிள் என்றே விட்டுவிடலாம்.