எஸ்.எஸ். (ஸ்டெயின்லெஸ் ஸ்டீல்) என்றால் துருவே பிடிக்காதா?

சேலம் பக்கத்து சேகோ (ஜவ்வரிசி) ஆலைகளில் இருந்து எனக்கு வரும் புகார் பெரும்பாலும் ஒன்றுதான்: "எஸ்.எஸ். தொட்டி சார், இவ்ளோ சீக்கிரமே ஒழுகுது!"

போய்ப் பார்த்தால் தகடு பளபளவென்று இருக்கும். வெல்டிங் ஓரமாகக் குண்டூசி முனையளவு பழுப்புப் புள்ளி. லென்ஸ் வைத்தால் தெரியும், வாய் சின்னது, உள்ளே நன்றாகக் குடைந்திருக்கும். இதுதான் குழி அரிப்பு. ஸ்டார்ச்சை வெளுக்க ஊற்றிய ஹைப்போகுளோரைட் என்ற குளோரின் ரசாயனத்தின் வேலை. எஸ்.எஸ்ஸுக்குக் காவலே மேலே இருக்கும் மெல்லிய குரோமியம் ஆக்சைடு படலம்தான். அந்த ரசாயனத்திலிருந்து வரும் குளோரைடு அதை ஓரிடத்தில் உடைத்துவிட்டால் அரிப்பு முழுவதும் அங்கேயே இறங்கும். வெல்டிங் சூட்டில் குரோமியம் கார்பனோடு சேர்ந்துவிட்டால் அந்த ஓரம் இன்னும் நோஞ்சான்.

நிலத்தடியில் ஆழமாகப் புதைக்கும் அணுக்கழிவுக் கலன் பற்றிப் பேச்சு வந்தாலும் இதே நம்பிக்கைதான்: "தடிமனா எஸ்.எஸ். போட்டா முடிஞ்சுது" என்பார்கள். தடிமன் அப்புறம். எப்படி அரிக்கிறது என்பதே முதல் கேள்வி.

அந்தக் கழிவில் இருக்கும் சீசியம்-137இன் அரை ஆயுள், அதாவது பாதியாகக் குறைய ஆகும் காலம், 30 ஆண்டு. 300 ஆண்டில் ஆயிரத்தில் ஒரு பங்காகிவிடும். புளூட்டோனியம்-239க்கோ அரை ஆயுளே சுமார் 24,000 ஆண்டு. அவ்வளவு காலம் யாரும் சோதித்துப் பார்க்க முடியாது, கணக்குத்தான் போட வேண்டும். சீராக அரிக்கும் உலோகத்துக்கு ஆண்டுக்கு இத்தனை மைக்ரான் என்று கணக்குப் போடலாம். குழி அரிப்பு எங்கே, எப்போது தொடங்கும் என்று யார் சொல்வது? அதனால்தான் பிரான்ஸ், கதிரியக்கம் மிக அதிகமுள்ள உயர்நிலைக் கழிவுக்கு வெளிக்கூடாகச் சாதாரணக் கார்பன் ஸ்டீலையே திட்டமிடுகிறது. துருப்பிடிக்கும் இரும்பா என்று நம்மூரில் சிரிப்பார்கள். மூடிய ஆழத்தில் ஆக்சிஜன் தீர்ந்ததும் அந்தத் துரு ஆமை வேகத்துக்கு வந்துவிடும்.

பின்லாந்தில் அணுக்கழிவைப் புதைக்கக் குடைந்த ஓன்கலோ சுரங்கத்தில் 5 செ.மீ. தடிமனுள்ள செம்புக் கலன், உள்ளே வார்ப்பிரும்பு, சுற்றிலும் பெண்டோனைட் களிமண், எல்லாம் 400 மீட்டருக்கும் கீழே, பாறைக்குள். செம்புக்கு எதிரி சல்பைடு. அது கலனை நெருங்குவதைக் களிமண் தாமதப்படுத்தும்.

இந்தியாவில் உயர்நிலைக் கழிவைக் கண்ணாடியோடு உருக்கி எஸ்.எஸ். கலனில் ஊற்றுகிறார்கள். தாராப்பூரில் காற்றால் குளிர்வித்துக் கண்காணிப்பில் வைத்திருக்கிறார்கள். உலர்ந்த இடம், மேற்பார்வையும் உண்டு, அங்கே எஸ்.எஸ். சரியான தேர்வே. அதே கலனை உப்பு கலந்த நிலத்தடி நீரில் வைத்தால் கதை வேறு.

பின்லாந்துக் கலனில் எனக்குப் பிடித்தது மூடிதான். செம்பை உருக்காமல், சுழலும் கருவியால் பிசைந்தே ஒட்டுகிறார்கள். அப்புறம் அந்த ஒட்டை அல்ட்ராசோனிக்கிலும் பார்க்கிறார்கள். நம் சேகோ தொட்டி வெல்டிங்குக்கு சாயம் தடவி விரிசல் பார்க்கும் ஒரு டை பெனட்ரண்ட் சோதனை கேட்டாலே, "எதுக்கு சார் அதெல்லாம்?" என்கிறார்கள்.