பிக்கப்ப மாத்தாத தம்பி, முதல்ல ஒயரு எங்க போவுதுன்னு பாரு

நாசரேத் பக்கத்துல இருந்து ஒரு தம்பி கேட்டிருக்கான். கோயில்ல, அதாவது சர்ச்சுல, பேஸ் கிட்டார் வாசிக்கான். "அண்ணே, வீட்ல சின்ன ஆம்ப்ல (ஆம்ப்ளிஃபயர்) போட்டா கணீர்னு கேக்கு, அதே பேஸ கோயில்ல போட்டா கம்பளிக்குள்ள கெடந்து அழுத மாதிரி கேக்கு. கடையில காட்டுனேன், பிக்கப் போயிட்டு, பன்னெண்டாயிரத்துக்கு வேற போடணுங்காங்க. போடட்டுமாண்ணே?"

போடாத. ஏன்னு கடைசில சொல்லுதேன், அதுக்கு முன்னாடி அந்த பிக்கப்புக்குள்ள, அதாவது கம்பிக்கு அடியில உக்காந்து கம்பி ஆடுறத கரண்டா மாத்துற அந்தக் காந்தமும் காயிலும் உள்ள கட்டைக்குள்ள, என்ன நடக்குன்னு சொன்னாத்தான் உனக்கே புரியும், கொஞ்சம் நீளமா போவும், ஒரு காப்பியப் போட்டுட்டு வந்து உக்காரு.

அடிப்படை எல்லாம் பள்ளிக்கூடத்துல படிச்சதுதான். காயில் வழியா போற காந்தப்புலம் கூடிக் கொறைஞ்சா காயில்ல வோல்டேஜ் வரும், 1831ல ஃபாரடே கண்டுபிடிச்சது. பஸ்ல பணகுடி தாண்டும்போது ரெண்டு பக்கமும் சுத்துதே காத்தாடி, அதுக்குள்ள நடக்கது இதுதான், கூடங்குளத்துல நடக்கதும் கடைசில இதுதான். அங்க காந்தப்புலம் சுத்துது, உன் பேஸ்ல காந்தம் சும்மா உக்காந்திருக்கு, கம்பி ஆடுது. காந்தம் தனக்கு மேல போற ஸ்டீல் கம்பியையும் ஒரு குட்டிக் காந்தமா ஆக்கிருது, அது ஆட ஆட காயிலுக்குள்ள போற புலம் ஆடுது, அம்புட்டுதான். அதனாலதான் நைலான் கம்பி போட்டா பிக்கப் ஊமையாயிரும். தடிச்ச ஈ கம்பி சும்மா தட்டுனா செகண்டுக்கு 41 தடவ ஆடும், ஜி கம்பி 98 தடவ, அதோட அந்த எண்ணிக்கைக்கு ரெண்டு மடங்கு மூணு மடங்குன்னு மேல மேல ஏகப்பட்ட கிளைச் சத்தம் சேந்து வரும். அந்தக் கிளைச் சத்தத்துல எது எம்புட்டு வெளிய வருதுங்கதுதான் டோன். இத மனசுல வச்சிக்க.

எனக்கு இந்தப் பைத்தியம் பிடிச்ச கதையச் சொல்லுதேன். என்னோட பழைய பேஸ்ல ஒரு நாள் பாதிச் சத்தம், மறுநாள் சத்தமே இல்ல. மல்டிமீட்டர் வச்சா பத்து கிலோ ஓம் பக்கம் காட்டணும், ஒண்ணும் காட்டல. பிக்கப்ப கழட்டி டேப்ப உரிச்சா செம்புல பச்சப் பாசி மாதிரி பிடிச்சு உள்ள எங்கயோ அந்துபோயி கெடக்கு, வேர்வையும் உப்புக்காத்தும் பாத்த வேல. சரி, பம்பு மோட்டாருக்கு காயில் கட்டுற அண்ணாச்சி ஒருத்தர் இருக்காரு, அவருகிட்ட கொண்டு போனேன். அவரு அந்த ஒயர ரெண்டு விரல்ல பிடிச்சு வெளிச்சத்துல தூக்கிப் பாத்துட்டு, "என்னவே இது, ஒயரா, கெழவி தலமுடியா? நான் கண்ணு வச்சாலே அந்துரும், கொண்டு போயிரும்" அப்படின்னுட்டாரு. அவரு சொன்னதுலயும் தப்பில்ல, அது 0.063 மில்லிமீட்டர், நெசமாவே தலமுடி கனம்தான். அந்த ஒயருதான் ஒரு காயிலுக்கு பத்தாயிரம் சுத்து பக்கம் சுத்தியிருக்கும். இது ரெண்டு துண்டா பிரிஞ்ச மாடல், 1957ல ஃபெண்டர் கம்பெனி கொண்டுவந்தது, ஒரு துண்டு ரெண்டு கம்பிக்கு, இன்னொரு துண்டு மத்த ரெண்டுக்கு. அந்த லியோ ஃபெண்டர் ரேடியோ மெக்கானிக், கிட்டார் வாசிக்கவே தெரியாது, நம்மள மாதிரி ஆளுவளுக்கு அது ஒரு ஆறுதல்.

பெறவென்ன, நானே சுத்துனேன். அம்மா தையல் மிஷின் மோட்டார், அதோட மிதி, காயில் கட்டையத் திருக ஒரு போல்ட்டு. பத்தாயிரம் எப்படி எண்ணுறது? சின்ன கால்குலேட்டரக் கழட்டி "சமம்" பட்டனுக்கு ரெண்டு ஒயர் இழுத்து ஒரு ரீட் சுவிட்ச்ல குடுத்துட்டேன். சுத்துற சக்கரத்துல ஒரு துண்டு காந்தம். 1 கூட்டல் 1 போட்டு வச்சிட்டா, காந்தம் கிட்ட வரும்போதெல்லாம் சுவிட்ச் ஒட்டும், கணக்கு ஒண்ணு ஏறும். மோட்டார வேகமா விட்டா கால்குலேட்டர் நம்பர முழுங்கிரும், அதனால மெதுவா. முத தடவ ஆறாயிரத்துச் சொச்சத்துல வாசல்ல மீன்காரரு ஹாரன் அடிச்சாரு, கை நடுங்கிட்டு, அந்துபோச்சு. உரிச்சுப் போட்டுட்டு திரும்ப. ரெண்டு காயிலும் சுத்தி வரும்போது கையில இருந்த ஒயர் எட்டாயிரம் எட்டாயிரத்துக்குத்தான் பத்துச்சு, போதும்னு நிறுத்தி, மெழுகுல முக்கி எடுத்து (மெழுகு இல்லன்னா சுத்துவ தனியா அதிர்ந்து ஆம்ப்ல கீச்சுன்னு கத்தும்) மாட்டுனேன். சத்தம் கொஞ்சம் கம்மிதான், ஆனா டோன்! பழசு "தொம்"னு இருந்தது, இது "டங்"னு மணி மாதிரி வருது. சுத்து கொறைஞ்சா வால்யூம் கொறையும், சரி. டோன் ஏம்லே மாறணும்? அங்க பிடிச்சது பைத்தியம்.

பதில் சொல்லுதேன், எனக்கு இந்த இடம்தான் உசுரு. நெல்லையப்பர் கோயில் ஆனித் தேர் பாத்திருப்ப. தேரு கெளம்பாது, ஆயிரம் பேரு இழுத்தாலும் முதல்ல முக்கும், முனங்கும், அசையாது. அசைஞ்சுட்டா நிக்காது, அதுக்குத்தான் ஓடி ஓடி சறுக்குக்கட்ட போடுதாங்க. காயிலும் கரண்டுக்கு அப்படித்தான், ஓட ஆரம்பிக்கவும் விடாது, ஓடுனா நிக்கவும் விடாது. இந்தத் தேர்க்குணத்துக்குப் பேருதான் இண்டக்டன்ஸ், ஹென்றில அளப்பாங்க, பேஸ் பிக்கப் ஒண்ணு சுமாரா 4 ஹென்றின்னு வச்சிக்க, அது பெரிய தேரு. இப்ப அந்தத் தேர் முன்னாடியும் பின்னாடியும் பெரிய லாரி ட்யூப வெட்டி இழுத்து கட்டிட்டதா நெனச்சுக்க. ஒரு தள்ளு தள்ளுனா போவும், ட்யூப் இழுக்கும், நிக்கும், திரும்பி வரும், வந்த வேகத்துல தாண்டிப் போவும், மறுபடி இழுக்கும். ஊஞ்சலாயிட்டு! பிக்கப்ல அந்த ட்யூப் வேலையச் செய்யது கெப்பாசிட்டன்ஸ். அது எங்க இருக்கு? கொஞ்சம் காயிலுக்குள்ளயே, சுத்துக்கும் சுத்துக்கும் நடுவுல. பெரும்பகுதி எங்க இருக்கு தெரியுமா, நீ பேஸ்ல இருந்து ஆம்புக்கு இழுக்கியே அந்த கேபிள்ல. நடுவுல ஒரு ஒயரு, சுத்தி வலை, ரெண்டுக்கும் நடுவுல பிளாஸ்டிக், அதுவே ஒரு நீளமான கெப்பாசிட்டர். இத ஃபாரட்ல அளப்பாங்க, மீட்டருக்கு 100 பிகோ ஃபாரட் பக்கம் வரும்.

அப்ப கேபிளும் பிக்கப்புல ஒரு பாதி! இது மொதல்ல புரிஞ்ச அன்னைக்கு ராத்திரி எனக்கு தூக்கம் வரல, நெசமா.

கணக்குப் போடு. 4 ஹென்றி, 6 மீட்டர் கேபிளும் காயிலும் சேத்து 700 பிகோ ஃபாரட், ஃபார்முலால போட்டா 3000 ஹெர்ட்ஸ் வருது, அதாவது ஊஞ்சல் செகண்டுக்கு 3000 தடவ ஆடும். தொட்டில ஆட்டுறவ சரியான நேரத்துல சுண்டுனா விரல் பலத்துலயே தொட்டில் எகிறும்லா, அதே மாதிரி கம்பியோட கிளைச் சத்தத்துல 3000 பக்கம் உள்ளதெல்லாம் எகிறி வரும், அதுக்கு மேல உள்ளது தேர் கனத்துல தேஞ்சு போயிரும். இந்த எகிறு எங்க இருக்கு, எம்புட்டு ஒசரம் இருக்குங்கதுதான் பிக்கப்போட கொரல்ல முக்காவாசி. இண்டக்டன்ஸ் சுத்தோட வர்க்கத்துல போவும், நான் பத்தாயிரத்த எட்டாயிரம் ஆக்குனதுல அது 64 சதவீதமா எறங்கிட்டு, தேரு லேசாயிட்டு, ஊஞ்சல் கால்வாசி வேகம் கூடிட்டு, 3000ல இருந்தது 3750க்குப் போயிருக்கும். "டங்" அங்க இருந்துதான் வந்திருக்கு, மீன்காரருக்கு நன்றி.

இத வச்சிக்கிட்டா மத்த மாடிஃபிகேசன் எல்லாம் தானா புரியும். ரெண்டு காயில சீரியல்ல (ஒண்ணுக்குப் பின்னால ஒண்ணு) இருந்து பேரலலுக்கு (பக்கத்துல பக்கத்துல) மாத்துனா இண்டக்டன்ஸ் நாலுல ஒண்ணா ஆவும், எகிறு வர்ற ஹெர்ட்ஸ் ரெண்டு மடங்காவும், சத்தம் பாதியாயிரும், சில பாட்டுக்கு அந்த மெலிசு நல்லாருக்கும், ஒரு சின்ன சுவிட்ச் செலவுதான். டோன் திருகுனா என்ன நடக்கு? 0.047 மைக்ரோ ஃபாரட் கெப்பாசிட்டர் ஒண்ணு, மேல 473ன்னு எழுதியிருக்கும், பச்ச மிட்டாய் மாதிரி இருக்கும், அத ஊஞ்சலோட சேத்து விடுத. முழுசா மூடிட்டா எகிறு 3000ல இருந்து 370 பக்கம் எறங்கிரும். 104ன்னு எழுதுனத போட்டா இன்னும் கீழ, 250. அஞ்சு ரூவா பத்து ரூவா சமாச்சாரம். சோல்டரிங் அயர்ன், கொஞ்சம் பத்தவைக்கிற ஈயம், கொஞ்சம் பேஸ்ட், தீந்துச்சு.

ஆனா இதுலயும் ஒரு கூட்டம் அறுபது வருசத்துப் பழைய எண்ணெய்க் காகித கெப்பாசிட்டர்தான் "ஒரிஜினல் டோன்" குடுக்கும்னு ஆயிரக்கணக்குல குடுத்து வாங்குது. மதிப்பு ஒண்ணா இருந்தா இந்த இடத்துல காதுக்கு வித்தியாசம் தெரியாது. கோயில் கொடைத் திருவிழாவுக்கு வாசிக்கப் போற எடத்துல ஆம்ப்ல எலுமிச்சம்பழம் கட்டுற ஆளப் பாத்து இவங்க சிரிக்காங்க, அவன் செலவாவது அஞ்சு ரூவா.

கொடைன்னதும் ஞாவகம் வருது, சீரியல் செட்டு லைட்டுக்கும் ஜெனரேட்டருக்கும் நடுவுல ஒத்தக் காயில் பிக்கப் "ம்ம்ம்"னு இரையும்லா. அது நம்ம ஊரு 50 ஹெர்ட்ஸ் கரண்டு. ஈ கம்பில மூணாவது ஃபிரெட் (கழுத்துல குறுக்க இருக்க கட்டம்) அமுக்கு, ஜி, அது 49 ஹெர்ட்ஸ். அதாவது நம்ம நாட்டு இரைச்சல் கிட்டத்தட்ட ஜில சுதி சேந்திருக்கு, தமிழ்நாடு மின்சார வாரியம் தம்புரா போடுது. அமெரிக்காவுல 60, அங்க அது ரெண்டு நோட்டுக்கு நடுவுல கெடந்து உறுத்தும். ரெண்டு காயில எதிரெதிர் திசையில சுத்தி காந்தத்தையும் தலகீழா வச்சா கம்பிச் சத்தம் கூடும், இரைச்சல் ஒண்ண ஒண்ணு அடிச்சுக்கிடும். திரும்ப மாட்டும்போது சுத்துற திசையையோ ஒயரையோ மாத்தி வச்சிட்டன்னா அம்புட்டும் தலகீழாயிரும். ரெண்டு பிக்கப் உள்ள பேஸ்னா கம்பிச் சத்தம் அடிபட்டு பழைய பாக்கெட் ரேடியோ மாதிரி வரும். நான் பண்ணியிருக்கேன். கச்சேரி மேடையில தெரிஞ்சுது.

ஒரு ஆதங்கம். இந்த எகிறு விசயத்த நான் பிஎஸ்சில எல்சிஆர் சர்க்யூட்னு (காயில், கெப்பாசிட்டர், ரெசிஸ்டர் மூணும் சேந்தது) செஞ்சிருக்கேன், கிராப் தாளுல குன்று மாதிரி வரைஞ்சு ரெக்கார்டு நோட்டுல கையெழுத்தும் வாங்கியிருக்கேன். இது கிட்டாருக்குள்ள இருக்குன்னு ஒருத்தரும் சொல்லல. லேப்ல ஆசிலாஸ்கோப், அலைய திரையில வரைஞ்சு காட்டுற மிஷின், ஒண்ணு இருந்துச்சு, பீரோவுக்குள்ள, பூட்டி, இன்ஸ்பெக்சனுக்கு மட்டும் வெளிய வரும். பெரிய பெரிய ஆராய்ச்சிக்கு கோடி ஒதுக்கட்டும், வேண்டாங்கல, ஆனா ஊர்க் கல்லூரில ஒரு பய பீரோவத் தெறந்து தன்னோட கிட்டார சொருகிப் பாக்க விட்டா அதுக்கு ஆவுற செலவு சாவி திருவுற செலவுதான்.

இப்ப உன் கேள்விக்கு வாரேன். ஊஞ்சலுக்கு பிரேக்கு வேணும்லா, பிக்கப்புக்கு பிரேக்கு அது போய்ச் சேர்ற இடத்தோட ரெசிஸ்டன்ஸ், ஓம் கொறைய கொறைய பிரேக்கு இறுகும். கிட்டார் ஆம்ப்னா ஒரு மெகா ஓம் பக்கம் இருக்கும், பிரேக்கு இல்லாத மாதிரி. பேஸ்ல உள்ள 250 கிலோ ஓம் வால்யூம் திருகு லேசா பிடிக்கும், அத 500 ஆக்குனா எகிறு இன்னும் ஒசரும். உன் கோயில்ல என்ன பண்ணுதாங்க? ஒயர நேரா சவுண்டு மிக்சரோட லைன் இன்புட்ல சொருகுதாங்க, நெறைய கோயில்ல இதே கததான். அது சில மிக்சர்ல பத்து கிலோ ஓம்தான் இருக்கும். உன் காயிலே பத்து கிலோ ஓம், சத்தம் அங்கயே பாதி போச்சு, தேருக்கு நாலு சக்கரத்துக்கும் சறுக்குக்கட்ட போட்ட மாதிரி எகிறு காணாமப் போவும், 800 ஹெர்ட்ஸ்ல இருந்தே சத்தம் சரிய ஆரம்பிக்கும். கம்பளி அதுதான். பன்னெண்டாயிரத்துக்கு பிக்கப் வாங்கிப் போட்டாலும் அதே மிக்சர், அதே கம்பளி.

டிஐ பாக்ஸ்னு கேட்டு வாங்கு, பேஸுக்கும் மிக்சருக்கும் நடுவுல நின்னு பிக்கப்புக்கு பிரேக்கு விழாம பாத்துக்கிடுற டப்பா, ஆக்டிவ் டைப் (கரண்டுல ஓடுறது), கையடக்கமா இருக்கும், புது பிக்கப் வெலையில சின்னப் பங்குதான் ஆவும். பேஸ்ல இருந்து அதுக்கு சின்ன கேபிள், அதுல இருந்து மிக்சருக்கு எம்புட்டு நீளம் வேணா இழு. வாங்குறதுக்கு முன்னாடி சந்தேகம் தீரணும்னா ஞாயித்துக்கிழம ஆராதனை முடிஞ்சதும் உன் வீட்டு சின்ன ஆம்ப கோயிலுக்குத் தூக்கிட்டுப் போயி, அதே எடத்துல, அதே கேபிள்ல ஒரு தடவ வாசிச்சுப் பாரு. கணீர்னு வந்துச்சுன்னா பிக்கப் மேல தப்பில்ல, கடைக்காரர்கிட்ட சண்டைக்குப் போவாத, அவரு பாவம் பிக்கப் விக்கவரு.