பழைய மொபைல் ஹோம் வாங்கிப் புதுப்பித்து விற்க நினைப்பவர்களுக்கு

டெக்சஸில் நம்மவர்கள் நாலு பேர் கூடினால் இப்போது ஒரு கணக்கு காதில் விழுகிறது. சாதாரண வீட்டை வாங்கி விற்க முதல் பத்தாது. அதனால் தொழிற்சாலையில் கட்டி இழுத்து வந்து நிறுத்தும் பழைய மொபைல் ஹோம் ஒன்றைப் பத்துப் பதினைந்தாயிரம் டாலருக்கு வாங்கி, பெயின்ட் அடித்து, தரை மாற்றி, நல்ல லாபத்துக்கு விற்றுவிடலாம் என்கிறார்கள். வீட்டு இன்ஸ்பெக்டராக இந்த வீடுகளுக்கு அடியில் தவழ்ந்து பார்ப்பது என் தொழில். கணக்கு முழுப் பொய் இல்லை. நியாயமாக உழைத்து லாபம் பார்த்தவர்களும் இருக்கிறார்கள். கையைச் சுட்டுக்கொண்டவர்களைப் பார்த்தால், பெரும்பாலும் சுவரையும் சமையலறையையும் பார்த்து விலை பேசியவர்கள். காகிதத்தையும் தரைக்கு அடியையும் பார்க்காமல் விட்டவர்கள்.

முதலில் ஒரு தேதியை மனத்தில் வையுங்கள்: 1976 ஜூன் 15. தொழிற்சாலையில் கட்டி இழுத்து வரும் வீடுகளுக்கான மத்திய அரசின் தரவிதி அன்றுதான் நடைமுறைக்கு வந்தது. வீட்டுவசதித் துறையின் பெயரால் அதை ஹட் விதி என்கிறோம். அதற்கு முன் கட்டிய வீட்டுக்கு எஃப்.ஹெச்.ஏ. என்ற அரசு அமைப்பின் உத்தரவாதமுள்ள கடன் கிடையாது, பெரும்பாலான வங்கிகளும் கிட்டே வராது. நீங்கள் எவ்வளவு அழகாக இழைத்து வைத்தாலும், வாங்க வருபவர் கையில் ரொக்கம் இருக்க வேண்டும். அப்படிப்பட்டவர்கள் குறைவு, வந்தாலும் விலையைக் கசக்கிப் பிழிவார்கள். 1976-க்கு முந்தைய வீடு சும்மா கிடைத்தாலும் யோசியுங்கள் என்றுதான் நான் சொல்வேன்.

அதற்குப் பிந்தைய வீடு என்றால் ஹட் விதிப்படி கட்டியது என்பதற்கு அடையாளமாக வெளிச்சுவரில் சிவப்பு நிற உலோகத் தகடு ஒன்று அடித்திருக்கும். இரண்டு பாதிகளாக இழுத்து வந்து இணைக்கும் டபுள்வைட் என்றால் இரண்டு பாதிக்கும் தனித்தனித் தகடு. உள்ளே சமையலறை அலமாரிக் கதவிலோ, மின் பேனல் பக்கத்திலோ, பெட்ரூம் கிளாசெட்டிலோ டேட்டா பிளேட் என்ற காகிதம் ஒட்டியிருக்கும். வீடு எந்தக் காற்று மண்டலத்துக்காக, அதாவது எவ்வளவு பலமான காற்று வீசும் பகுதிக்காகக் கட்டப்பட்டது என்பது அதில்தான் இருக்கிறது. 1992-இல் ஆண்ட்ரூ புயல் தென் ஃப்ளோரிடாவில் இந்த வகை வீடுகளைத் துவம்சம் செய்த பிறகு, 1994-இல் காற்று விதிகளைக் கடுமையாக்கினார்கள். ஹியூஸ்டன் இருக்கும் ஹாரிஸ் கவுண்டி முதல் மண்டலம், பக்கத்திலேயே இருக்கும் கால்வெஸ்டன் அதைவிடப் பலமான காற்றுக்கான இரண்டாம் மண்டலம். வீட்டை நகர்த்தும் எண்ணமிருந்தால் இதைப் பார்க்காமல் முன்பணம் கொடுக்காதீர்கள்.

புதுப்பிக்கிறேன் என்று வெளிச்சுவரின் மேலுறையான சைடிங்கை மாற்றும்போது தகட்டைப் பிடுங்கி எறிவதும், அலமாரிக்குப் பெயின்ட் அடிக்கும்போது டேட்டா பிளேட்டையும் சேர்த்துப் பூசிவிடுவதும் அடிக்கடி நடக்கிறது. ஹட் மறுபடி தகடு கொடுக்காது. இந்தத் தகடுகளின் பதிவுகளை வைத்திருக்கும் ஐ.பி.டி.எஸ். என்ற அமைப்பிடம் வீட்டின் வரிசை எண்ணைக் கொடுத்து, பதிவு கிடைத்தால் சரிபார்ப்புக் கடிதம் வாங்கலாம். வேலையாட்களிடம் முதல் நாளே சொல்லிவைத்தால் இந்த அலைச்சல் இல்லை.

அடுத்தது தரை. பல பழைய வீடுகளில் தரைப்பலகை மரத்தூளை அழுத்திச் செய்த பார்ட்டிக்கிள் போர்டு. தண்ணீர் பட்டால் உப்பும், பிறகு உதிரும். டாய்லெட்டைச் சுற்றி, பாத்டப் ஓரம், வாஷிங் மெஷின் அடி, வாட்டர் ஹீட்டர் அறை, வெளிக்கதவு நிலை ஆகிய இடங்களில் குதிகாலை ஊன்றிப் பாருங்கள். மெத்தென்று அமுங்கினால் அங்கே பலகை செத்துவிட்டது. பிறகு வீட்டின் அடிப்பக்கத்தைச் சுற்றி மூடியிருக்கும் ஸ்கர்ட்டிங்கைக் கழற்றி டார்ச்சோடு உள்ளே போக வேண்டும். வீட்டின் அடிவயிற்றில் கறுப்பு உறை ஒன்று கட்டியிருக்கும். அது எங்காவது தொந்திபோல் தொங்கினால் உள்ளே தண்ணீர் தேங்கி நிற்கிறது. கிழிந்திருந்தால் இன்சுலேஷன் நனைந்து விழுந்திருக்கும், எலி குடியேறியிருக்கும். ஏசி காற்று வரும் குழாய் பெரும்பாலும் அந்தத் தரைக்குள்தான் ஓடுகிறது, அந்த எலி நாற்றம்தான் பெட்ரூமுக்கு வரும். டபுள்வைட்டில் இரண்டு பாதியையும் இணைக்கும் கிராஸ்ஓவர் குழாய் மண்ணில் கிடக்கிறதா, இரும்புச் சட்டத்தைத் தாங்கும் கட்டைகள் சாய்ந்திருக்கின்றனவா, தரையோடு கட்டும் பட்டைகள் துருப்பிடித்துத் தளர்ந்திருக்கின்றனவா என்பதையும் அங்கேயே பார்த்துவிடலாம். கதவு ஒட்டிக்கொள்கிறது, சுவர் மூலையில் வெடிப்பு என்று மேலே தெரிவதில் பாதி, கீழே மட்டம் இறங்கியதால் வந்தது.

1970-களின் தொடக்கத்து வீடு என்றால் பிளக் பாயின்ட்டின் மூடியைக் கழற்றி வயர் அலுமினியமா என்று எலக்ட்ரீஷியனை விட்டுப் பார்க்கச் சொல்லுங்கள். இணைப்புகள் தளர்ந்து சூடேறித் தீப்பிடிக்கக்கூடியது அது. 1970-களின் கடைசியிலிருந்து 1995 வரை போட்ட எளிதில் கசியும் சாம்பல் நிற பாலிபியூட்டிலின் என்ற பிளாஸ்டிக் தண்ணீர்க் குழாய் இருந்தால், அதை மாற்றும் செலவையும் விலையில் கழித்துப் பேசுங்கள். 1978-க்கு முந்தைய பெயின்ட்டில் ஈயம் இருக்கலாம். அதைக் கண்டபடி சுரண்டக் கூடாது.

வீடு நன்றாக இருந்தும் மண் உங்களுடையதல்ல என்றால் கதை வேறு. மொபைல் ஹோம்களுக்கு இடத்தை வாடகைக்கு விடும் பார்க்கில் நிற்கும் வீட்டுக்கு நீங்கள் வேலை செய்யும் மாதமெல்லாம் அந்த லாட் வாடகை ஓடும். விற்கும்போது வாங்குபவரைப் பார்க் நிர்வாகம் ஏற்க வேண்டும். சில பார்க்குகளில் பழைய வீடு கைமாறினால் அங்கிருந்து அகற்ற வேண்டும் என்றே விதி உண்டு. ஒரே துண்டான சிங்கிள்வைட்டை இழுக்கவே ஆயிரக்கணக்கில் டாலர் ஆகும், வயதான வீட்டை வேறு பார்க்கும் சேர்க்காது. வீடு இங்கேயே இருக்கலாம் என்று மேனேஜரிடம் எழுத்தில் வாங்குங்கள். வாய்ப்பேச்சு செல்லாது.

டெக்சஸில் 12 மாதத்தில் ஒன்றுக்கு மேல் விற்றால் ரீடெய்லர் லைசென்ஸ் வேண்டும். மாநில வீட்டுவசதித் துறையான டி.டி.ஹெச்.சி.ஏ.வின் இணையதளத்தில் வரிசை எண்ணைப் போட்டால் உரிமையாளர் பெயரும் வரிப் பாக்கியும் தெரியும். அந்தப் பாக்கி வீட்டோடு வரும், பழைய உரிமையாளரோடு போகாது. தவணையில் விற்பது, வீட்டுக் கடன் கொடுப்பவர்களைக் கட்டுப்படுத்தும் 2008-இன் சேஃப் சட்டத்துக்கும் 2010-இன் டாட்-ஃப்ராங்க் சட்டத்துக்கும் உட்பட்டது. வக்கீல் இல்லாமல் அதில் இறங்காதீர்கள். வாங்கி விற்பதையே தொழிலாகச் செய்தால் லாபம் சாதாரண வருமானம்தான், அதன்மேல் சுயதொழில் வரியும் உண்டு. எச்-1பி விசாவில் இருப்பவர்கள் இன்னும் கவனம். பணம் போடுவது வேறு, சனி ஞாயிறு நீங்களே நின்று வேலை பார்த்து விற்பது வேறு. இரண்டாவது அனுமதியில்லாத வேலையாகக் கருதப்படலாம். குடியேற்ற வக்கீலிடம் கேட்காமல் சுத்தியலைத் தொடாதீர்கள்.

இவ்வளவையும் நான் வற்புறுத்துவது உங்கள் முதலுக்காக மட்டுமல்ல. அமெரிக்காவில் சுமார் 2 கோடிப் பேர் இந்த வகை வீடுகளில் வாழ்கிறார்கள். உங்களிடம் வாங்குபவர் பெரும்பாலும் ஓய்வு பெற்ற முதியவராகவோ, மணிக்கூலிக்கு வேலை செய்யும் குடும்பமாகவோ இருப்பார். சேமித்த மொத்தப் பணமும் அந்த வீட்டில்தான் போகும். உதிர்ந்த பலகையின்மேல் புது வினைல் பிளாங்க் விரித்து விற்ற வீடுகளை நான் பார்த்திருக்கிறேன். கால் உள்ளே போகும்போதுதான் அந்தக் குடும்பத்துக்குத் தெரிகிறது, அதற்குள் விற்றவர் போன இடம் தெரியாது. இதை வியாபார சாமர்த்தியம் என்று சொல்பவர்களோடு எனக்கு உடன்பாடே இல்லை.

அழுகிய பலகையை வெட்டியெடுத்து, பலகையைத் தாங்கும் ஜாயிஸ்ட்டைப் பார்த்து, கசிவை அடைத்து, பிறகு பிளைவுட் போடுங்கள். மூடும் முன் ஒவ்வொரு இடத்தையும் படமெடுத்து, செய்த வேலைக்கான ரசீதுகளோடு வாங்குபவரிடம் கொடுங்கள். இந்தச் செலவைச் சேர்த்துப் போட்டும் கணக்கு தேறினால் வாங்குங்கள். தேறாவிட்டால் அந்த வீட்டை விட்டுவிட்டு அடுத்ததைப் பாருங்கள்.