மகரந்தம்: தேனா, தாதுவா?

சிங்கப்பூரில் தொடக்கநிலை ஐந்தில் படிக்கும் என் மகளுக்கு இப்போது அறிவியலில் பூக்களின் இனப்பெருக்கம். பாடம் ஆங்கிலத்தில். "பாலினேஷனுக்குத் தமிழில் என்னப்பா?" என்று கேட்டாள். "மகரந்தச் சேர்க்கை" என்றேன். பேசிக்கொண்டிருந்த எதிர்வீட்டுத் தெலுங்கு அக்கா, "எங்க மொழியில மகரந்தம்னா தேனாச்சே!" என்றார்.

அவர் சொன்னதுதான் மூலப்பொருள். வடமொழியில் 'மகரந்த' என்றால் பூவில் ஊறும் தேன். பூவின் பொடிக்கு அங்கே 'பராக' என்று வேறு சொல் உண்டு. மலையாளமும் அதையே எடுத்துக்கொண்டது. தெலுங்கில் 'புப்பொடி', அதாவது பூவின் பொடி. தமிழுக்கு வந்த மகரந்தமோ தேனையும் குறித்தது, பொடியையும் குறித்தது. பாடநூல்கள் பொடியை மட்டும் வைத்துக்கொண்டன.

இதில் எனக்கு வருத்தம் உண்டு. பூவின் இனப்பெருக்கத்தில் தேன் கூலி, பொடி சரக்கு. தேனுக்காக வரும் தேனீயின் உடம்பில் பொடி ஒட்டிக்கொண்டு அடுத்த பூவுக்குப் போகிறது. கூலியின் பெயரைச் சரக்குக்கு வைத்துவிட்டால் பிள்ளைக்கு எப்படி விளங்கும்?

நம்மிடம் பழைய சொல் இருக்கிறது: தாது. அகநானூற்றின் நான்காம் பாடலில் தலைவன் தேரில் வருகிறான். சோலையில் துணையோடு தங்கியிருக்கும் 'தாதுண் பறவை' கலங்கிவிடும் என்று அஞ்சி, தேர்மணியின் நாவைக் கட்டிவிட்டு வருகிறான். தாதுண் பறவை என்றால் வண்டு. கனிமத்துக்கும் உடலின் தாதுக்களுக்கும் இதே சொல் வழங்குவதால், அறிவியலில் 'பூந்தாது' என்பதே தெளிவு. பூந்தாதுச் சேர்க்கை, தாதுப்பை, தாதுக்குழாய் என்று மற்றவையும் தடையின்றி அமைந்துவிடும்.

அன்று மாலை தேக்கா சந்தையில் ஒரு தாமரை மொட்டு வாங்கிவந்து இதழ்களை விரித்துக் காட்டினேன். நடுவில் கூம்பைக் கவிழ்த்தது போன்ற பச்சைப் பொகுட்டு. அதன் மேல்தட்டில் புள்ளி புள்ளியாகச் சூல்முடிகள், அதாவது தாதை ஏற்கும் முனைகள். சுற்றிலும் தாதுப்பைகளைத் தாங்கிய மஞ்சள் கேசரங்கள். தாமரையில் சூல்முடிகள் முதலில் பக்குவப்பட்டுவிடும். தாதுப்பைகள் அதற்குப் பிறகே வெடிக்கும். தன் தாது தன் மேலேயே விழாதிருக்க இப்படி ஓர் ஏற்பாடு. மொட்டாக இருந்ததால் அவள் விரலில் பொடி ஒட்டவில்லை. ஏமாந்துபோனாள்.

சேர்க்கையும் கருவுறுதலும் ஒன்றல்ல என்பதையும் சொல்லிவைத்தேன். தாது சூல்முடியில் போய் உட்கார்வது சேர்க்கை. அங்கிருந்து தாதுக்குழாய் வளர்ந்து இறங்கி, ஆண் அணு சூலுக்குள் முட்டையோடு கலப்பது கருவுறுதல். அதன் பிறகுதான் சூல் விதையாகும், சூலகம் கனியாகும்.

தெலுங்குபோல 'பூப்பொடி' என்றே சொன்னால் என்ன? எனக்கும் அந்தச் சொல் பிடிக்கும். ஆனால் 1981-இல் நம் தேசிய மலரான வாண்டா மிஸ் ஜோக்கிம் என்ற ஆர்க்கிட்டுக்கு அது பொருந்தாது. ஆர்க்கிட்டின் தாது பொடியாக உதிர்வதில்லை. இரண்டு சின்ன மஞ்சள் உருண்டைகளாகத் திரண்டு, பசையுள்ள அடியோடு பூச்சியின் உடம்பில் அப்படியே ஒட்டிக்கொள்ளும். 'தாது' என்றால் பொடிக்கும் பொருந்தும், உருண்டைக்கும் பொருந்தும்.

டுரியான் பூ மாலையில் மலரும். அதைத் தேடி இரவில் வௌவால் வரும். தேனையும் தாதையும் உண்ணும். "வௌவால் பறவை இல்லையேப்பா?" என்றாள் மகள். அகநானூற்றில் வண்டே பறவை, பறப்பதெல்லாம் பறவை. அந்தக் கணக்கில் வௌவாலும் தாதுண் பறவைதான் என்றேன்.