அலகுக்கோல்: கோல்ப் ஆட்டக்காரர் சொல்லும் ‘பிளேட்’

தமிழில் ‘பிளேட்’ என்று எழுதினால் முதலில் நினைவுக்கு வருவது சவரம் செய்யும் பிளேட். அடுத்தது சாப்பாட்டுப் பிளேட். ஆங்கிலத்தில் வெவ்வேறு எழுத்தும் ஒலியும் கொண்ட இரண்டு சொற்கள் நம் எழுத்தில் ஒன்றாகிவிடுகின்றன. பொரளையில் உள்ள றோயல் கொழும்பு கோல்ப் கழகத்துப் புல்தரையில் இதே சொல்லுக்கு மூன்றாவது பொருள் ஒன்று வழங்குகிறது. தேர்ந்த ஆட்டக்காரர்கள் விரும்பும் ஒருவகை இரும்புக்கோலின் பெயர் அது. “அவர் பிளேட்டில்தான் விளையாடுகிறார்” என்று ஒருவரைப் பற்றிச் சொன்னால், அவருடைய அடி பிசகாது என்ற மதிப்பும் அதற்குள் அடங்கியிருக்கும்.

கொழும்பில் கோல்ப் புதிய விளையாட்டு அல்ல. கழகம் 1879இல் தொடங்கியது. முதலில் காலிமுகத்திடலில் ஆடினார்கள். பிறகு பொரளைக்கு இடம் மாறினார்கள். களனிவெளி ரயில்பாதை இன்றும் அந்த மைதானத்தை ஊடறுத்துச் செல்கிறது. என். தங்கராஜா போன்ற தமிழ்த் தொழில்முறை வீரர்களும் இந்த நாட்டில் இருக்கிறார்கள். இத்தனைக்குப் பிறகும் ஒரு கோலின் உருவத்தைத் தமிழில் விவரிக்க உட்கார்ந்தால் முதல் வரியிலேயே தடுமாறுகிறோம். தமிழில் சொல் இருக்கிறது, அதை எடுத்துப் பயன்படுத்தத்தான் ஆளில்லை என்பது என் எண்ணம்.

முதலில் பொருள். கோல்ப் பையில் உள்ள கோல்களில் இலக்கமிட்ட இரும்புத்தலைக் கோல்களை ‘அயன்’ என்கிறார்கள். இன்று அந்தத் தலை எஃகுதான் என்றாலும் பழைய பெயரே நிலைத்துவிட்டது. தமிழ் நிகண்டுகளில் இரும்பைக் குறிக்கும் ‘அயம்’ என்ற சொல்லும் இந்த ‘அயன்’னும் உறவு போலத் தோன்றும். அயம் வடமொழி ‘அயஸ்’ வழி வந்தது. ஆங்கிலச் சொல்லின் வேர் வேறு. ஒலி ஒத்திருப்பது தற்செயல்.

இந்த அயன்களில், தலை முழுவதும் ஒரே எஃகுத் துண்டாக, முதுகில் குழிவு இல்லாமல், மேல்விளிம்பு மெல்லியதாக, தரையில் படும் அடிப்பகுதி ஒடுங்கியதாக, பந்தைச் சந்திக்கும் முகம் சிறியதாக இருப்பது பிளேட். முதுகின் கீழ்ப்பாதி சற்றுத் தடித்து நிற்கும். பந்துக்குப் பின்னால் எடை சேருவது அந்தத் திரட்சியில்தான். அதனால் இதற்கு ‘மசில் பேக்’ என்றும் பெயர். திரள்முதுகு என்று தமிழில் தயக்கமின்றிச் சொல்லலாம்.

இதன் எதிர்வகை ‘கேவிட்டி பேக்’. முதுகை நடுவில் குடைந்து, எடுத்த எடையைத் தலையின் ஓரங்களுக்குக் கொண்டுபோய் வைத்த கோல். குழிமுதுகு என்றால் பார்த்த மாத்திரத்தில் விளங்கும். நோர்வேயில் பிறந்து அமெரிக்காவில் பொறியியலாளராக இருந்த கார்ஸ்டன் சோல்ஹைம் 1959இல் ‘பிங்’ நிறுவனத்தைத் தொடங்கினார். ஓரங்களில் எடையைப் பரப்பும் முறையை இரும்புக்கோல்களில் வேரூன்றச் செய்தவர் அவர். ஓரத்தில் எடை இருந்தால், பந்து நடுவை விட்டு விலகிப் பட்டாலும் தலை அவ்வளவாகத் திரும்பாது. தூரமும் திசையும் பெரிதாகக் கெடாது. 1982இல் வந்த ‘பிங் ஐ 2’ இந்த வகையை உலகெங்கும் பரப்பியது.

சொல் வரலாற்றைப் பார்ப்பவர்கள் கவனிக்கவேண்டிய இடம் இது. குழிமுதுகு வருவதற்கு முன்பு இரும்புக்கோல் என்றாலே திரள்முதுகுதான். அப்போது ‘பிளேட்’ என்பது தலையின் தட்டையான பகுதிக்கு மட்டும் உரிய பெயர். புதுவகை வந்த பிறகுதான் பழைய வகைக்குத் தனிப் பெயர் தேவைப்பட்டது. உறுப்பின் பெயர் முழுக்கோலுக்கும் ஏறியது. கைப்பேசி வந்தபின் வீட்டுத் தொலைபேசி ‘லேண்ட் லைன்’ ஆனதும் இப்படித்தான். ஆகவே இங்கே ‘பிளேட்’ என்பது வெட்டும் கருவியைக் குறிக்கவில்லை. மெல்லிய, நீண்ட, ஒரு பக்கம் தடித்து மறுபக்கம் ஒடுங்கும் உருவத்தைக் குறிக்கிறது. தமிழ்ச்சொல் தேடும்போது இதை மறந்தால் பிழையான சொல்லில் போய் முடியும்.

ஆங்கிலச் சொல்லின் வேரும் வெட்டுவதைப் பற்றியது அல்ல. பழைய ஆங்கிலத்தில் அதன் முதற்பொருள் இலை. இன்றைய ஜெர்மன் மொழியில் இலையைக் குறிக்கும் ‘பிளாட்’ அதன் உடன்பிறப்பு. புல்லின் தாள், துடுப்பின் பரந்த பகுதி, வாளின் பரந்த பகுதி என்று பொருள் விரிந்தது. துடுப்பு என்றதும் நமக்கு இன்னொன்று நினைவுக்கு வரும். இலங்கைத் தமிழில் கிரிக்கெட் மட்டைக்குத் ‘துடுப்பு’ என்று பெயர் வைத்தவர்கள் உருவத்தைப் பார்த்தே வைத்தார்கள். யாரும் அதைக் கொண்டு தோணி வலிப்பதில்லை. ஆனாலும் ‘துடுப்பாட்ட வீரர்’ என்ற சொல்லை வானொலியில் கேட்டு வளர்ந்த நமக்கு அதில் எந்த உறுத்தலும் இல்லை. விளையாட்டுக் கருவிக்குப் பெயரிட நம்மவர்கள் கையாண்ட இந்த வழியை நான் பெரிதும் மதிக்கிறேன்.

தமிழிலும் இலை உலோகத்துக்கு ஏறியிருக்கிறது. சிவன் கையிலுள்ள சூலத்தைத் தேவாரம் ‘மூவிலைவேல்’ என்கிறது. ஆடிவேல் விழாவில் செட்டியார் தெருவிலிருந்து தேர் புறப்படும்போது வேலின் தலையைப் பாருங்கள், அது இலைதான். அப்படியானால் ‘இலைக்கோல்’ என்று வைத்துவிடலாமா? வேர்ப்பொருளுக்கு அழகாகப் பொருந்தும். ஆனால் இன்றைய காதில் அது மரத்திலிருந்து உலோகத்துக்கு வந்து சேர நேரமெடுக்கும். விளையாட்டுச் செய்தி அவ்வளவு நேரம் தராது.

மற்றத் தேர்வுகளை விரைவாகக் கழித்துவிடலாம். ‘கத்தி’ வெட்டுவதை மட்டுமே நினைவூட்டும். ‘தகடு’ எங்கும் ஒரே தடிப்பான உலோகத்தைக் குறிக்கும். இந்தக் கோலின் சிறப்போ தடிப்பு மாறுவதில் இருக்கிறது. ‘வாய்’ என்றால் கூர்முனை மட்டும்தான்.

எஞ்சுவது ‘அலகு’. வாள், கத்தி முதலிய கருவிகளில் பிடி நீங்கலான உலோகப் பகுதிக்கு உரிய சொல் அது. பறவையின் மூக்குக்கும் அதுவே பெயர். அங்கும் அடியில் தடித்து நுனியில் ஒடுங்கும் வடிவம். முருகன் கோயில்களில் அலகு குத்தி நேர்த்தி செலுத்துவதைப் பார்த்தவர்களுக்கு இந்தச் சொல்லை விளக்கத் தேவையில்லை. சிக்கல் ஒன்று உண்டு: பள்ளிக்கூடப் பாடநூலிலும் மின்சாரப் பட்டியலிலும் ‘அலகு’ என்பது அளவைக் குறிக்கிறது. தனித்து எழுதினால் குழப்பம் வரும். ‘கோல்’ சேர்த்து ‘அலகுக்கோல்’ என்றால் அந்தக் குழப்பம் தீர்ந்துவிடும். கோல் கையில் பிடிப்பது, அலகு அதன் முனையில் இருப்பது. இரண்டும் பழந்தமிழ்ச் சொற்கள், கூட்டுச்சொல் புதியது. நான் இதையே முன்வைக்கிறேன்.

இனி, தேர்ந்த ஆட்டக்காரர் அலகுக்கோலை எப்படிப் பார்த்து மதிப்பிடுகிறார் என்பது. கடையில் சுவரோரம் சாத்திவைத்திருக்கும்போது நமக்குத் தெரிவது முதுகு. பெயரும் பளபளப்பும் செதுக்கலும் அங்கேதான் இருக்கும். ஆடுபவர் அந்த முதுகைக் கண்டுகொள்ளவே மாட்டார். கோலை எடுத்துத் தரையில் வைத்து, பந்தை அடிக்கப்போகும் நிலையில் நின்று, மேலிருந்து பார்ப்பார். அவர் தீர்ப்பு அந்தப் பார்வையில்தான் பிறக்கிறது.

மேலிருந்து முதலில் தெரிவது ‘டொப் லைன்’, அதாவது தலையின் மேல்விளிம்பு. கூரையின் உச்சிக்குச் சொல்லும் ‘முகடு’ இதற்குச் சரியாகப் பொருந்தும். முகடு மெல்லியதாக இருந்தால் கோல் கூர்மையாகத் தோன்றும். இலக்கை நோக்கி முகத்தை நிறுத்துவதும் இலகு என்று ஆடுபவர்கள் சொல்வார்கள். தடித்த முகடு புதியவருக்குத் தைரியம் தரும், தேர்ந்தவர் கண்ணை உறுத்தும். பின்பக்க ஓரத்தைச் சரித்துச் சீவி, தடித்த முகட்டை மெல்லியதாகக் காட்டும் உத்தியும் தயாரிப்பாளர்களிடம் உண்டு.

அடுத்தது ‘ஒப்செட்’. தலையில் தண்டு செருகியிருக்கும் கழுத்தோடு ஒப்பிடும்போது முகத்தின் முன்விளிம்பு எவ்வளவு பின்தள்ளி நிற்கிறது என்ற அளவு. பின்னொதுக்கம் என்று சொல்லலாம். 7ஆம் இலக்க அலகுக்கோலில் இது 2 அல்லது 3 மில்லிமீற்றர் அளவில் நிற்கும். புதியவர்களுக்கான கோல்களில் இன்னும் கூடும். பின்னொதுக்கம் கூடினால் முகம் பந்தைச் சந்திக்க ஒரு கணம் தாமதமாகும். அதற்குள் முகம் திரும்பி இலக்குக்கு நேராக வர நேரம் கிடைக்கும். பந்தை வலப்பக்கம் வழுக்கவிடும் வலக்கை ஆட்டக்காரருக்கு அது உதவி. விரும்பியபடி பந்தை இடமும் வலமும் வளைத்து ஆடுபவருக்கோ அதே உதவி இடைஞ்சல். கழுத்திலிருந்து முன்விளிம்புக்கு இறங்கும் கோட்டில் சிறு உடைவு தெரிந்தாலும் அவர் கோலைத் திரும்ப வைத்துவிடுவார். அந்தக் கோடு தடையில்லாமல் ஓடுவதுதான் இந்த வகையின் அழகு என்று எனக்குத் தோன்றுகிறது. மற்ற எல்லாவற்றிலும் சமரசம் செய்யலாம், இதில் முடியாது.

கழுத்தும் தண்டும் சேரும் இடத்தில் கறுப்பாக ஒரு சிறு வளையம் இருக்கும். ஆங்கிலத்தில் ‘பெரூல்’. உலக்கை நுனியில் போடும் வளையத்துக்கு நம் வீடுகளில் என்ன பெயர்? பூண். அதே பூண்தான் இதுவும். ஆங்கிலச் சொல்லின் வேர் லத்தீனில் சிறு கைவளையைக் குறித்தது. தமிழிலும் பூண் என்றால் அணிகலன். இந்தச் சொல்லை எடுத்துக்கொள்ள எவரிடமும் அனுமதி கேட்கவேண்டியதில்லை.

மேற்பூச்சைப் பற்றிக் கொழும்பிலிருந்து சொல்ல ஒன்றுண்டு. கண்ணாடிபோல் மினுக்கிய குரோமியப் பூச்சு கடையில் கண்ணைப் பறிக்கும். இங்கே பத்துமணி வெயிலில் அதே மினுக்கு முகட்டிலிருந்து கண்ணில் அடிக்கும். முகட்டையும் முகத்தையும் மட்டும் மங்கலாக விட்டு மற்றதை மினுக்குவது இதற்காகவே. பூச்சே இல்லாத ‘றோ’ கோல்களைச் சிலர் விரும்புகிறார்கள். கடற்காற்று அடிக்கும் நகரத்தில் மென்மையான கரிம எஃகு விரைவில் துருவேறும். ஆட்டத்துக்கு அது பெரிதாகக் கெடுதி செய்யாது. துருவின் பழுப்பு நிறம் வெயிலைத் திருப்பி அடிப்பதுமில்லை. ஆனால் துடைத்து வைக்காமல் ஈரப்பையில் போடும் பழக்கமுள்ளவர் வாங்கவேண்டாம்.

எப்படிச் செய்தது என்பதும் பார்வையோடு சேர்ந்தே பேசப்படும். ‘போர்ஜ்ட்’ என்றால் எஃகைக் காய்ச்சி அச்சில் அடித்து உருவாக்கியது; ‘காஸ்ட்’ என்றால் உருக்கி வார்த்தது. வார்ப்பு என்ற சொல் வழக்கில் இருக்கிறது. முன்னதற்குப் பழைய சொல் ‘வடித்தல்’. “வேல்வடித்துக் கொடுத்தல் கொல்லற்குக் கடனே” என்ற புறநானூற்று வரியில் அது இருக்கிறது. இன்று வடித்தல் என்றால் சோறு வடிப்பதுதான் முதலில் தோன்றும் என்பதால் ‘காய்ச்சி அடித்த கோல்’ என்று எழுதுவதே தெளிவு. அடித்த கோலின் ‘மென்மை’ என்று புகழப்படுவதில் பெரும்பகுதி காதுக்குக் கேட்கும் ஒலிதான். பந்து நடுவில் பட்டால் எழும் தாழ்ந்த, குறுகிய சத்தத்தைக் கை உணர்ந்ததாக மனம் எடுத்துக்கொள்கிறது.

பழைய அலகுக்கோல் ஒன்று கைக்கு வந்தால் முகத்தைச் சாய்த்து வெளிச்சத்தில் பாருங்கள். நன்றாக ஆடியவருடைய கோலில் வரிப்பள்ளங்களுக்கிடையே சிறு நாணயமளவு இடம் மட்டும் தேய்ந்து மினுங்கும். அந்தத் தேய்வு பெரும்பாலும் முகத்தின் சரிநடுவில் இராது. கழுத்துப் பக்கம் சற்று ஒதுங்கி இருக்கும். கழுத்தின் எடை தலையின் ஈர்ப்புமையத்தைத் தன் பக்கம் இழுப்பதே காரணம். குழிமுதுகுக் கோலில் தேய்வு முகமெங்கும் பரவியிருந்தால் அதுவும் ஒரு செய்திதான்: அந்தக் கோல் தன் சொந்தக்காரரை நெடுநாள் பொறுத்துக்கொண்டிருக்கிறது.

ஒரு எச்சரிக்கை. இன்று அலகுக்கோல்போலத் தோன்றுவதெல்லாம் அலகுக்கோல் அல்ல. 2017இல் வந்த ‘டெய்லர்மேட் பி790’ போன்றவை வெளியே மெல்லிய முகடும் தட்டை முதுகுமாக இருக்கும், உள்ளே வெறுமை. பந்து கூடுதல் தூரம் போவதற்காகவே அப்படிச் செய்கிறார்கள். முகச்சாய்வும் குறைவாக இருக்கும். 7ஆம் இலக்க அலகுக்கோலின் சாய்வு 34, 35 பாகை அளவில் இருக்க, இவற்றில் பல 30ஐ ஒட்டியோ அதற்குக் கீழோ நிற்கும். இவற்றையும் விற்பனையாளர் ‘பிளேட்’ என்று நீட்டினால் ஏற்கவேண்டாம். ‘உள்வெற்றுக்கோல்’ என்று தனியாகச் சொல்லிப் பழகுவது நல்லது. தொழில்முறை ஆட்டக்காரர்களிலேயே பலர் நீண்ட கோல்களில் குழிமுதுகோ உள்வெற்றோ வைத்துக்கொண்டு, குட்டையானவற்றில் மட்டும் அலகுக்கோல் ஆடுகிறார்கள்.

இதே ‘பிளேட்’ வினைச்சொல்லாகவும் வரும். கோலின் முன்விளிம்பு பந்தின் நடுவயிற்றில் பட்டு, பந்து எழும்பாமல் தரையோடு சீறிப் போனால் “பிளேட் பண்ணிட்டார்” என்பார்கள். அங்கே அலகுக்கு வேலையில்லை. ‘விளிம்படி’ போதும். “விளிம்படி பட்டுப் பந்து பசுந்தரையைக் கடந்து போய்விட்டது” என்று நேர்முக வர்ணனையில் சொன்னால், கோல்ப் தெரியாதவருக்கும் பந்துக்கு என்ன ஆனது என்று விளங்கும்.