மௌத்தாகிட்டாராம்: ‘ஆம்’ உதிர்கிற இடம்

“காக்கா, எம்பி மௌத்தாகிட்டாராம்.” கிழக்கிலங்கையின் கல்முனைக் கடைத்தெருவில் காலை பத்து மணிக்கு ஒருவர் இப்படிச் சொன்னால், அந்த வசனத்தில் மூன்று சங்கதி இருக்கிறது. யார், என்ன ஆனது (மௌத்து என்றால் மரணம்), கடைசியில் ஒட்டிக்கொண்டிருக்கும் ‘ஆம்’. களுவாஞ்சிகுடிப் பக்கம் இதே செய்தி ‘மோசம் போயிட்டாராம்’ என்று வரும். சொல் மாறும், ‘ஆம்’ மாறாது. கண்ணால் காணவில்லை, கேட்டதைச் சொல்கிறேன், பொறுப்பு என்னுடையதல்ல: இவ்வளவையும் தமிழ் இரண்டு எழுத்தில் அடக்கி வைத்திருக்கிறது.

பதவியில் இருக்கிற அரசியல்வாதி ஒருவர் திடீரென்று இறந்தால் ஊர் ஏன் அப்படி நடந்துகொள்கிறது என்று உளவியலும் சமூகவியலும் நிறையவே ஆராய்ந்திருக்கின்றன. அந்த ஆய்வுகளை நம்மூர்க் கண்ணோடு படித்தால், எல்லாமே அந்த ‘ஆம்’ எங்கே உதிர்கிறது என்ற கேள்வியைத்தான் சுற்றுகின்றன.

முதல் உதிர்வு சில நிமிடங்களுக்குள் நடந்துவிடும். ஆஸ்பத்திரி வாசலில் நிற்கிற ஓட்டோக்காரர், “உள்ள கொண்டு போறாங்க, முடிஞ்சிதாம் எண்டு கதைக்காங்க” என்கிறார். அதைக் கேட்டவர் போனில், “மச்சான், முடிஞ்சிதாம்” என்கிறார். மூன்றாவது ஆள் வட்ஸ்அப் குழுவில் போடுகிற குரல்பதிவு: “எம்பி மௌத்து. கன்ஃபேர்ம்.” உதிர்ந்த ‘ஆம்’ இருந்த இடத்தில் ‘கன்ஃபேர்ம்’ வந்து குந்திக்கொண்டது. இவர்கள் யாரும் பொய் சொல்லவில்லை. ஆளுக்கு ஒரு சொல் குறைத்தார்கள், அவ்வளவுதான்.

அமெரிக்க உளவியலாளர்கள் ஓல்போர்ட்டும் போஸ்ட்மனும் 1947இல் வெளியிட்ட ஆய்வில் இதைத்தான் அளந்தார்கள். ஒரு படத்தைப் பார்த்தவர் அடுத்தவருக்கு விவரிக்க, அவர் அதற்கடுத்தவருக்குச் சொல்ல, ஐந்தாறு வாய் மாறியதும் விபரங்களில் ஏறத்தாழ 70 சதவீதம் காணாமல் போயிருந்தது. மிஞ்சியவை கூராகிவிட்டன. நம்மூர்ச் சாவுச் செய்தியில் சீக்கிரம் விழுவது ‘இருக்கலாம்’, ‘போல’, ‘என்று சொல்கிறார்கள்’ போன்ற ஒட்டுகள். பெயரும் மரணமும் விழாது.

போன் வந்தபிறகு இந்தக் கணக்கில் ஒரு திருத்தம் வேண்டும். ஃபோர்வேர்ட் செய்த செய்தி சொல்லுக்குச் சொல் அப்படியே போகும், ஆனால் யார் முதலில் சொன்னார் என்பது போய்விடும். வட்ஸ்அப் இதற்கு ஒரு செயற்கை ‘ஆம்’ ஒட்டிப் பார்த்தது. ஃபோர்வேர்ட் செய்தியில் ஓர் அம்புக்குறி தெரியும். ஐந்து கையாவது மாறி வந்தால் இரட்டை அம்பு. 2019 ஜனவரியில் ஒரு தடவைக்கு 5 அரட்டைக்கு மேல் அனுப்ப முடியாதென்று உலகம் முழுக்கக் கட்டுப்படுத்தினார்கள். இரட்டை அம்புச் செய்திக்கு 2020 ஏப்ரலில் அது 1 ஆனது. ஆனால் செய்தியைப் பிரதி எடுத்துப் புதிதாக ஒட்டினால் அம்பு மறைந்துவிடும். ஸ்கிரீன்ஷொட்டும் அப்படித்தான். அதனால் இரட்டை அம்பு இல்லை என்பது ‘புதுச் செய்தி’ என்பதற்கு ஆதாரம் ஆகாது.

ஊரில் ‘ஆம்’ போடாமலே மரணத்தை அறிவிக்கிற பழைய ஏற்பாடுகள் இன்னும் வேலை செய்கின்றன. பள்ளிவாசல் ஒலிபெருக்கியில் ‘இன்னா லில்லாஹி’ சொன்ன பிறகு பெயர், யாருடைய மகன், யாருடைய கணவர், ஜனாஸா எந்த மையவாடியில் எத்தனை மணிக்கு என்று வரிசையாக வரும். குடும்பம் சொல்லாமல் அறிவிப்பு வராது. தேவாலயத்தின் துக்க மணியும் அப்படியே. வதந்தியில் ஒருபோதும் இல்லாத இரண்டு விபரம் இவற்றில் இருக்கும்: யார் சொன்னது, அடுத்து என்ன நடக்கும்.

வதந்தி எவ்வளவு பரவும் என்பதற்கு ஓல்போர்ட்டும் போஸ்ட்மனும் ஒரு சூத்திரமும் தந்தார்கள். விஷயத்தின் முக்கியத்துவத்தைத் தெளிவின்மையால் பெருக்கு. கூட்டல் இல்லை, பெருக்கல். ஒன்று பூச்சியமானால் விடையும் பூச்சியம். அம்பாறைக்காரருக்கு இதற்கு உதாரணம் தேடிப் போக வேண்டியதில்லை. 2018 பெப்ரவரி 26ஆம் திகதி இரவு அம்பாறை நகரில் முஸ்லிம் சாப்பாட்டுக் கடை ஒன்றின் கறியில் கிடந்த கட்டியை ‘மலடாக்கும் மாத்திரை’ என்றார்கள். கடையும் பள்ளிவாசலும் தாக்கப்பட்டன. பிறகு அரசாங்க இரசாயனப் பகுப்பாய்வு அது வெறும் மாச்சத்துக் கட்டி என்று சொன்னது. அறிக்கை வர நாட்கள் எடுத்தன. தாக்குதலுக்கு ஓர் இரவு போதுமாக இருந்தது.

ஒரு தலைவரின் திடீர் மரணத்தில் முக்கியத்துவம் ஏற்கெனவே உச்சத்தில் நிற்கும். அதைக் குறைக்க ஒருவராலும் முடியாது. மிச்சம் இருப்பது தெளிவின்மை. அதை ஊட்டி வளர்ப்பது பெரும்பாலும் அந்த உடம்பேதான். நோயில் கிடந்து போனவரின் உடம்பில் தெரியும் அதே அடையாளங்கள், திடீரென்று போனவரில் தெரிந்தால் வேறு அர்த்தம் எடுக்கும்.

இறந்து அரை மணியிலிருந்து இரண்டு மணி நேரத்துக்குள் இரத்தம் ஈர்ப்பு விசைக்குக் கட்டுப்பட்டுத் தாழ்வான பக்கம் இறங்கத் தொடங்கும். மல்லாந்து கிடந்தவரின் முதுகில் ஊதா நிறத் திட்டுகள் படரும். 6 முதல் 12 மணி நேரத்தில் அவை அப்படியே நிலைத்துவிடும், பிறகு உடம்பைப் புரட்டினாலும் இடம் மாறா. தோள்பட்டை எலும்பு, பிட்டம் போன்று தரையில் அழுந்திய இடங்களில் இரத்தம் இறங்க இடமில்லாததால் அவை வெளிறிக் கிடக்கும். இறுக்கமான பெல்ட்டும் சட்டைக் கொலரும் அதே காரணத்தால் வெள்ளைக் கோடு போடும். குளிப்பாட்டுகிறவர்கள் முதுகைத் திருப்பும்போது இது கண்ணில் படும். ‘நீலம் பாரிச்சிருக்கு’ நஞ்சாகும், கழுத்தில் தெரிகிற வெள்ளைக் கோடு கயிறாகும்.

மாரடைப்பில் நுரையீரலில் நீர் கோத்தால் வாயிலும் மூக்கிலும் நுரை வரும். நுரை என்றால் நஞ்சு என்று ஊர் படித்து வைத்திருக்கிறது. நஞ்சிலும் நுரை வரும்தான், ஆனால் நுரையை மட்டும் வைத்து எதையும் தீர்மானிக்க முடியாது. நின்ற இதயத்தை இயக்க நெஞ்சை 5 சென்ரிமீற்றர் ஆழத்துக்கு, நிமிடத்துக்கு 100 முதல் 120 தடவை அமுக்குவார்கள். பெரியவர்களில் விலா எலும்பு முறிவது அந்த முயற்சியில் சாதாரணம், நெஞ்சில் கன்றலும் இருக்கும். அது வெளியே வருகிறபோது, “நெஞ்சில அடிச்சிருக்காங்க.”

எல்லாவற்றிலும் மோசம் ஒன்றும் தெரியாமல் இருப்பது. மாரடைப்பில் உடனே இறந்தவரின் இதயத் தசையில் முதல் சில மணி நேரத்துக்கு வெறுங்கண்ணுக்கு மாற்றம் தெரியாது. பாதிக்கப்பட்ட தசை நிறம் மாறுவதற்கு ஏறக்குறைய 12 மணி நேரமாவது ஆள் உயிரோடு இருந்திருக்க வேண்டும். அதனால் சட்ட வைத்திய அதிகாரி (ஜேஎம்ஓ) அடைபட்ட இதயக் குழாயைத் தேடுவார், தசையை நுண்காட்டிக்கு எடுப்பார், இரத்தத்தையும் இரைப்பையில் உள்ளதையும் இரசாயனப் பகுப்பாய்வுக்கு அனுப்புவார், காரணத்தை அறிக்கை வரும்வரை திறந்து வைப்பார். தொழில்முறையில் இது நேர்மை. தேத்தண்ணிக் கடையில் அதன் மொழிபெயர்ப்பு, “டொக்டருக்கே தெரியல்லயாம், என்னமோ மறைக்காங்க.”

நேரமும் இங்கே சேர்ந்து மோதும். திடீர் மரணத்துக்கு மரண விசாரணை அதிகாரியின் விசாரணை சட்டப்படி வேண்டும், அவர் பிரேத பரிசோதனைக்கும் பணிக்கலாம். ஜனாஸாவை எவ்வளவு சீக்கிரம் அடக்கலாமோ அவ்வளவு சீக்கிரம் அடக்குவது முஸ்லிம் ஊர்களின் கடமை. அஸர் என்ற பின்னேரத் தொழுகைக்கு அடக்கம் என்று காத்திருந்த சனம், பொழுதுபட்ட மஃரிபும் கடந்து நிற்கிறது, யாரும் வெளியே வந்து காரணம் சொல்வதில்லை. அந்த இரண்டு மூன்று மணி நேரத்தில் பிறக்கிற கதைகளுக்கு ஆயுசு கெட்டி. ‘ஜேஎம்ஓ வந்துவிட்டார், பரிசோதனை நடக்கிறது, ஏழு மணிக்கு உடல் தருவோம்’ என்று பெயரும் நேரமும் சொல்லி மணிக்கொரு தடவை ஒருவர் வாசலுக்கு வந்தாலே பெருக்கலில் ஓர் எண் சிறுத்துவிடும். ‘வதந்திகளை நம்பாதீர்கள்’ என்ற வேண்டுகோள் அந்த வேலையைச் செய்யாது. அதில் தகவல் இல்லை.

பெரிய விளைவுக்குப் பெரிய காரணம் தேடுவது மனித மூளையின் இன்னொரு பழக்கம். மக்கோலியும் ஜக்ஸும் 1979இல் ஒரு சோதனை செய்தார்கள். ஜனாதிபதியைச் சுட்டார்கள், இறந்தார் என்பது ஒரு கதை. சுட்டார்கள், தப்பினார் என்பது மற்றது. இறந்ததாகப் படித்தவர்களே சதி என்று கூடுதலாகச் சொன்னார்கள்.

2000 செப்டெம்பர் 16, சனிக்கிழமை. கொழும்பிலிருந்து அம்பாறைக்குப் புறப்பட்ட விமானப்படை ஹெலிகொப்டர் கேகாலை மாவட்டத்து அரநாயக்கவில், ஊரகந்த மலைப்பக்கம் விழுந்தது. ஸ்ரீலங்கா முஸ்லிம் காங்கிரஸின் தலைவரும் அமைச்சருமான எம்.எச்.எம். அஷ்ரஃப் அதில் இறந்தார். பொதுத் தேர்தலுக்கு 24 நாள் இருந்தது. சூத்திரத்தின் இரண்டு எண்ணும் இவ்வளவு பெரிதாக ஒன்றாகச் சேர்ந்தது கிழக்கில் அபூர்வம். சம்மாந்துறையில் பிறந்து, காத்தான்குடியில் 1981இல் கட்சி தொடங்கி, ஒலுவிலில் பல்கலைக்கழகம் வரக் காரணமாக இருந்தவர். யுத்த காலம், தேர்தல் காலம், விழுந்ததோ ஊரிலிருந்து தூரத்து மலையில். விபத்தா சதியா என்ற கேள்வி கரையோர ஊர்களில் இன்றும் உயிரோடிருப்பதற்கு அங்குள்ளவர்களின் குணத்தில் காரணம் தேட வேண்டாம்.

அன்று அந்தச் செய்தி கேட்டபோது எங்கே நின்றீர்கள் என்று கல்முனையில் ஐம்பது வயது தாண்டிய யாரிடமும் கேட்டுப் பாருங்கள். கடை, கடைக்காரர், வெயில் எல்லாம் சொல்வார். 2005 நத்தார் நள்ளிரவுத் திருப்பலியின்போது மட்டக்களப்பு புனித மரியாள் இணைப்பேராலயத்தில் எம்பி ஜோசப் பரராஜசிங்கம் சுட்டுக் கொல்லப்பட்ட இரவைப் பற்றி மட்டக்களப்பில் கேட்டாலும் அப்படித்தான். கெமராவின் மின்வெளிச்சம் போல அந்தக் கணம் பதிந்துவிடுகிறது என்று பிரவுணும் கூலிக்கும் 1977இல் எழுதினார்கள். மார்ட்டின் லூதர் கிங்கின் கொலை வெள்ளையரைவிடக் கறுப்பின அமெரிக்கரிடம் அதிகம் அப்படிப் பதிந்திருந்தது. இழப்பு யாருடையதோ அவர்களிடம் வெளிச்சம் கூட.

ஆனால் அந்தப் படம் சரியானதா? சலெஞ்சர் விண்கலம் 1986 ஜனவரி 28 வெடித்த மறுநாள் உளவியலாளர்கள் நைசரும் ஹார்ஷும் 106 மாணவர்களிடம், எப்படிக் கேள்விப்பட்டீர்கள் என்று எழுதி வாங்கினார்கள். ஏறக்குறைய இரண்டரை வருடம் கழித்து 44 பேரிடம் மறுபடி கேட்டார்கள். 11 பேருக்கு எல்லாமே பிழை. எல்லாம் சரியாகச் சொன்னவர்கள் 3 பேர்தான். முதல் தடவை ‘டிவியில் பார்த்தேன்’ என்றவர்கள் 9 பேர், பிறகு அது 19 ஆகியிருந்தது. சினேகிதன் வாய்வழி சொன்ன செய்தி, திரையில் தானே கண்டதாக மாறிவிட்டது. சொந்தக் கையெழுத்தைக் காட்டியபோதும் சிலர் நினைவைத்தான் நம்பினார்கள். ‘ஆம்’ இரண்டாவது தடவை உதிர்கிற இடம் இது, தலைக்குள்ளேயே. செய்தியும் செய்தியின் மூலமும் மூளையில் ஒன்றாகக் கட்டப்பட்டிருப்பதில்லை. மூலம் முதலில் கழன்றுவிடும்.

இறந்தவர் மீதான மதிப்பும் இப்படிப் பின்னோக்கித் திருத்தப்படும். அமெரிக்க ஜனாதிபதி கென்னடி 1960 தேர்தலில் பெற்ற வாக்கு 49.7 சதவீதம். 1963 நவம்பரில் அவர் கொல்லப்பட்ட உடனே சிக்காகோவின் ஆய்வு நிலையம் நாடளாவக் கேட்டபோது, 65 சதவீதத்தினர் அவருக்கே வாக்களித்ததாகச் சொன்னார்கள். உளவியலாளர் ஸ்கொட் அலிசன் குழுவினரின் சோதனைகளிலும், ஒரே விபரம் கொடுத்தால், இறந்துவிட்ட தலைவர் உயிரோடிருப்பவரைவிட உயர்வாகவே மதிக்கப்பட்டார். ஒரு விதிவிலக்கு, நெறி தவறியவர் என்று தெரிந்தால் மரணம் அவரை இன்னும் தாழ்த்தியது. வெள்ளைக் கொடி கட்டுவதும் அதே நேரம் பேஸ்புக்கில் பட்டாசு கொளுத்துவதும் ஒரே பொறியின் இரண்டு முனை.

‘லட்சம் பேர் வந்தாங்க’ என்பதற்கு ஒரு சின்னக் கணக்கு. கூட்டத்தை இடத்தால் அளக்கும் ஹேர்பர்ட் ஜேக்கப்ஸின் முறைப்படி, நெருக்கமான கூட்டத்தில் ஒருவருக்கு 4.5 சதுர அடி. 40 அடி அகல வீதி ஒரு கிலோமீற்றருக்கு நிரம்பினால் 29,000 பேர். லட்சத்துக்கு மூன்றரைக் கிலோமீற்றர் வேண்டும், மதிலிலிருந்து மதில்வரை. உடலைப் பார்க்க வருவோர் வரிசை வேறு கணக்கு. நிமிடத்துக்கு 25 பேர் கடந்தால் எட்டு மணி நேரத்தில் 12,000.

அடக்கம் முடிய முன்னரே ‘சீட்டு யாருக்கு’ என்று தொடங்கிவிடும். மாவட்டத்தில் தெரிவானவர் என்றால் அதே பட்டியலில் அடுத்த கூடிய விருப்பு வாக்கு பெற்றவருக்கு, இடைத்தேர்தல் கிடையாது. தேசியப் பட்டியல் என்றால் கட்சிச் செயலாளர் தருகிற பெயர். முதலாவதில் அடுத்தவர் யாரென்று எல்லோருக்கும் முன்கூட்டியே தெரியும் என்பதால், யாருக்கு இலாபம் என்ற சந்தேகத்துக்கு ஒரு முகமும் தயாராகக் கிடைத்துவிடுகிறது. அந்த மனிதர் பாவம்.

பகுப்பாய்வு அறிக்கை வாரங்கள் கழித்தே வரும். நஞ்சு எதுவும் இல்லை, இதயக் குழாய் அடைப்பு என்று தட்டச்சுச் செய்து, ஒப்பமும் முத்திரையும் வைத்திருக்கும். அதற்குள் கடையில் ‘நஞ்சு வெச்சது’ ஒட்டு ஏதுமில்லாமல் ஓடிக்கொண்டிருக்கிறது. பேப்பரை மடித்து வைத்துவிட்டுக் கடைக்காரர் சொல்வார்:

“ஹார்ட் அட்டாக்காம்.”