துபாய் ஜீன்ஸ் எப்போது மலிவு, எப்போது மலிவில்லை

கீழக்கரை, பெரியபட்டினம், பனைக்குளம், தொண்டி என்று நம் ராமநாதபுரம் கரையில் எந்த ஊரை எடுத்தாலும் தெருவுக்கு நாலு பேராவது வெளிநாட்டில் இருப்பார்கள். அதில் ஒருவர் ஊருக்கு வரப்போகிறார் என்று தெரிந்தால் போதும், வாட்ஸப்பில் படம் பறக்கும்: "காக்கா, இந்த ஜீன்ஸ் அங்க என்ன விலை?" (காக்கா என்றால் நம் பக்கம் அண்ணன்.) பதில் திர்ஹமில் வரும், இங்கே இருப்பவர் அன்றைய ரேட்டால் பெருக்கிப் பார்ப்பார். சில சமயம் மதுரைக் கடை விலையில் பாதிதான் வரும், சில சமயம் அதைவிடக் கூடுதலாக வந்து ஆளைக் குழப்பும். அதே கம்பெனி, அதே நீலம், அதே தையல், அப்புறம் ஏன் விலை மட்டும் இப்படி ஆடுகிறது என்று கேட்டால் பலரும் "வரிதான்" என்று ஒரே வார்த்தையில் முடித்துவிடுவார்கள். வரிக்குப் பங்கு உண்டு, இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் பெரிய பங்கு வேறு இடத்தில் இருக்கிறது.

பொருளாதாரத்தில் 'ஒரு விலை விதி' என்று ஒன்று உண்டு: ஒரே பொருள் எங்கே விற்றாலும், கொண்டுபோகும் செலவு போக, ஒரே விலைக்கு வந்துவிடும் என்பது. பாம்பனில் ஏலம் போகும் சீலா மீன் மதுரையில் கிலோவுக்கு நூறு ரூபாய் கூட என்றால், அந்த நூறில் ஐஸ், வண்டி வாடகை, கழிவு எல்லாம் அடக்கம். வித்தியாசம் அதற்கு மேல் ஏறினால் எவராவது ஒரு வியாபாரி கூடுதலாக ஒரு வண்டியை ஏற்றி அனுப்புவார், மதுரையில் சரக்கு சேரும், விலை இறங்கிவிடும். இதையே நாடுகளுக்கும் நீட்டி, இரண்டு நாட்டுப் பணத்தின் மாற்று மதிப்பு இப்படித்தான் நிலைக்கு வர வேண்டும் என்று வாதிட்டவர் சுவீடன் பொருளாதார அறிஞர் குஸ்டாவ் காசெல். இதற்கு 'வாங்கும் திறன் சமநிலை' என்ற பெயரை 1918-இல் வைத்தவரும் அவர்தான். எகனாமிஸ்ட் பத்திரிகை 1986-இலிருந்து மெக்டொனால்ட்ஸ் கடையின் பிக் மேக் பர்கர் விலையை நாடு நாடாக ஒப்பிட்டுப் போடுவது இந்தக் கணக்கைத்தான் (நம் ஊரில் மாட்டிறைச்சி பிக் மேக் கிடையாது என்பதால் மகாராஜா மேக்கை வைத்துச் சமாளித்தார்கள்). பர்கர் விஷயத்தில் விதி பொய்த்தால் ஆச்சரியமில்லை, அதைப் பெட்டியில் போட்டு விமானத்தில் கொண்டுவர முடியாது. ஜீன்ஸ் அப்படியா? கெடாது, ஐஸ் வேண்டாம், மடித்தால் சின்ன இடம் போதும். அப்படியென்றால் பிராண்ட் உடையின் விலை எல்லா நாட்டிலும் ஏறக்குறைய ஒன்றாக வந்து நிற்க வேண்டும் இல்லையா? நிற்கவில்லை.

ஏன் நிற்கவில்லை என்பதை ஆல்பர்ட்டோ கவாலோ, ப்ரென்ட் நீமன், ராபர்ட்டோ ரிகோபோன் என்ற மூன்று பொருளாதார அறிஞர்கள் தோண்டிப் பார்த்தார்கள். ஆப்பிள், ஐக்கியா, எச் அண்ட் எம், ஜாரா ஆகிய நான்கு நிறுவனங்களின் இணையக் கடைகளில் ஒரே பொருளுக்கு ஒவ்வொரு நாட்டிலும் போட்டிருந்த விலையைத் திரட்டி 2014-இல் முடிவை வெளியிட்டார்கள். யூரோ புழங்கும் நாடுகளுக்குள் ஆயிரக்கணக்கான பொருள்களுக்கு விலை பெரும்பாலும் அச்சடித்தது போல ஒன்றாக இருந்தது. யூரோவுக்கு வெளியே காலை வைத்ததும் விலை சிதறியது. இதில் கவனிக்க வேண்டியது, ஒரு நாட்டின் பணம் இன்னொரு பணத்தோடு நிலையாகக் கட்டப்பட்டு, மாற்று மதிப்பு அசையவே அசையாமல் இருந்தாலும் விலை சிதறத்தான் செய்தது. திர்ஹம் அப்படிக் கட்டப்பட்ட பணம்தான், ஒரு டாலருக்கு 3.6725 என்று 1997-இலிருந்து நிற்கிறது. அதற்காக அமெரிக்க விலையும் துபாய் விலையும் ஒன்றாக இருக்கும் என்று நினைத்துவிடக் கூடாது.

அடுத்து அவர்களுக்கு ஒரு நல்ல வாய்ப்பு அமைந்தது. 2014 ஜனவரியில் லாட்வியா தன் பணத்தை விட்டுவிட்டு யூரோவுக்கு மாறியது. அதற்கு முன்பும் லாட்வியப் பணம் யூரோவோடு கட்டப்பட்டுத்தான் இருந்தது, ஆக மாறியது சீட்டில் இருக்கும் குறி மட்டும் என்றே சொல்லலாம். ஜாராவின் விலைகளைப் பார்த்தார்கள். மாற்றத்துக்கு முன்னால் லாட்வியாவிலும் ஜெர்மனியிலும் ஏறக்குறைய ஒரே விலை கொண்ட உடைகள் 6 சதவீதம். மாறிய பிறகு 89 சதவீதம்! துறைமுகம் நகரவில்லை, கடை வாடகை குறையவில்லை, தையல்காரர் கூலி மாறவில்லை. வாங்குகிறவர் இரண்டு விலையையும் பெருக்காமல் வகுக்காமல் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்க முடிந்தது, அவ்வளவுதான் மாறியது. கடைக்காரரும் அடங்கிவிட்டார்.

நாட்டுக்கு நாடு உள்ள வித்தியாசம் பெரும்பாலும் உடை கடைக்கு வரும் முதல் நாளிலேயே வைக்கப்படுகிறது என்பதும் அந்த ஆய்வில் தெரிந்தது. ரூபாய் விழுந்தது, டாலர் ஏறியது என்பதெல்லாம் அதற்குப் பிறகு வரும் சில்லறை. அதாவது உற்பத்திச் செலவோடு லாபத்தைச் சேர்த்து வருவதல்ல இந்த விலை. இந்த ஊரில் இந்தச் சட்டைக்கு ஆள்கள் எவ்வளவு வரை கொடுப்பார்கள் என்று கணித்து முதலிலேயே ஒட்டுகிற சீட்டு அது. ஸ்பெயினில் ஜாரா நடுத்தரக் குடும்பம் சாதாரணமாக நுழையும் கடை, அங்கேதான் விலையும் குறைவு. தூரம் போகப் போக அதே கடை 'வெளிநாட்டு பிராண்ட்' ஆகிவிடுகிறது, விலையும் கூடவே ஏறுகிறது. முன்பெல்லாம் ஜாரா சீட்டிலேயே பல நாட்டு விலைகளை வரிசையாக அச்சடித்திருப்பார்கள். ஒரே அட்டையில் தன் குட்டைத் தானே உடைத்த கம்பெனி!

சரி, விலை இவ்வளவு வேறுபட்டால் பாம்பன் வியாபாரி போல யாராவது மலிவான நாட்டில் மொத்தமாக வாங்கி விலை கூடிய நாட்டில் விற்க மாட்டார்களா? முயன்றவர்கள் உண்டு. பிரிட்டனின் டெஸ்கோ சூப்பர் மார்க்கெட் அமெரிக்கா, கனடா, மெக்சிகோ பக்கம் விற்பனைக்குப் போன அசல் லீவைஸ் 501 ஜீன்ஸை வாங்கிவந்து தன் கடைகளில் மலிவாகப் போட்டது. லீவைஸ் வழக்குப் போட்டது. 2001 நவம்பரில் ஐரோப்பிய நீதிமன்றம், வணிகக் குறியின் உரிமையாளர் சம்மதிக்காமல் ஐரோப்பாவுக்கு வெளியே இருந்து சரக்கைக் கொண்டுவந்து விற்கக் கூடாது என்றது. சரக்கு போலி இல்லை, திருட்டு இல்லை, கம்பெனியே தைத்து விற்றது. ஆனாலும் கதவு சாத்தப்பட்டது. எனக்கு இந்தத் தீர்ப்பு அவ்வளவாகப் பிடிக்கவில்லை, கடை நடத்துகிற யாருக்கும் பிடிக்காது என்று நினைக்கிறேன். மொத்த வியாபாரி செய்ய முடியாததைத்தான் நம் ஊர்க்காரர்கள் பெட்டிக்குள் இரண்டு இரண்டாக வைத்துச் செய்கிறார்கள், ஆனால் அந்தச் சிறு அளவுக்கு விலையை இழுத்துச் சமப்படுத்தும் பலம் கிடையாது.

இப்போது வரிக்கு வருவோம். வெளிநாட்டிலிருந்து வரும் பெரும்பாலான ஆயத்த ஆடைகளுக்கு இந்தியா 2018-இல் சுங்க வரியை 10-இலிருந்து 20 சதவீதமாக ஏற்றியது, அந்த வரியின் மேல் 10 சதவீத சமூக நலக் கூடுதல் வரி. ஆயிரம் ரூபாய் மதிப்பில் துறைமுகத்தில் இறங்கும் ஜீன்ஸுக்கு இதில் 220 ரூபாய் ஆகும். கடையில் அது 5,000 ரூபாய்க்கு விற்கிறது என்று வைத்துக்கொண்டால், அதற்குள் 18 சதவீத ஜிஎஸ்டி 763 ரூபாய். இரண்டும் சேர்ந்தால் 983. அதே மதிப்பில் இறங்கி அதே 5,000-க்கு துபாயில் விற்றால் 5 சதவீதச் சுங்கம் 50, 5 சதவீத வாட் (நம் ஜிஎஸ்டி போல அங்கே உள்ள வரி) 238, மொத்தம் 288. ஆக வரியால் வரும் வித்தியாசம் 700 ரூபாய்க்குள். விலை 2,000 ரூபாய் தள்ளி நின்றால் மிச்சம் 1,300 வரி இல்லை. அதிலும் இங்கே விற்கும் வெளிநாட்டு பிராண்ட் உடைகளில் பல இங்கேயே தைத்தவை, அவற்றுக்கு அந்த 220-உம் கிடையாது.

ஜிஎஸ்டியில் ஒரு வேடிக்கை இருக்கிறது. 2025 செப்டம்பர் 22-இலிருந்து வரி சேர்க்காத விலை 2,500 ரூபாய் வரை உள்ள உடைக்கு 5 சதவீதம், அதைத் தாண்டினால் 18. 2,500 ரூபாய்ச் சட்டை வரியோடு 2,625. ஒரே ஒரு ரூபாய் கூட்டி 2,501 வைத்தால் வரியோடு 2,951. நடுவில் 2,800 என்று விற்றால் வரி போகக் கடைக்காரர் கையில் நிற்பது 2,373 தான், 2,625-க்கு விற்றிருந்தால் கிடைக்கும் 2,500-ஐவிடக் குறைவு. அதனால் இந்த இடைவெளியில் விலை வைக்க யாருக்கும் மனசு வராது. அமெரிக்காவில் இன்னொரு விதமான குழப்பம், அங்கே சீட்டில் இருக்கும் விலையில் விற்பனை வரி சேராது, பில் போடும்போதுதான் ஏறும். ஆரிகானில் விற்பனை வரியே இல்லை, நியூ ஜெர்சியில் பொதுவாக உடைக்குக் கிடையாது. நம் எம்.ஆர்.பி. எல்லா வரியும் அடங்கியது. அமெரிக்கச் சீட்டையும் நம் சீட்டையும் அப்படியே பக்கத்தில் வைத்தால் கணக்கு தப்பும்.

ஏழை நாட்டில் பிராண்ட் மலிவாக இருக்க வேண்டும் என்று எதிர்பார்ப்பதும் நடக்காத காரியம். கணக்குக்கு எளிதாக அமெரிக்காவில் ஒரு ஜீன்ஸ் 72.50 டாலர், இங்கே 3,360 ரூபாய் என்று வைப்போம், ரூபாயில் பெருக்கினால் நம் விலைதான் குறைவு. அமெரிக்க மத்திய அரசின் குறைந்தபட்சக் கூலி 2009-இலிருந்து மணிக்கு 7.25 டாலர், அந்தக் கூலிக்காரருக்கு அது பத்து மணி நேர உழைப்பு. தமிழ்நாட்டில் 2025-26-இல் நூறு நாள் வேலைக் கூலி நாளைக்கு 336 ரூபாய், நம் ஆளுக்கு அது பத்து நாள். அந்தப் பத்து நாள்காரரை மனதில் வைத்து எந்த பிராண்டும் விலை போடுவதில்லை. மாலுக்கு வருகிற மேல்தட்டைப் பார்த்துத்தான் போடுகிறது.

தைக்கும் இடம் பக்கத்தில் இருந்தால் மலிவாகக் கிடைக்கும் என்பதும் அப்படித்தான். தனுஷ்கோடி முனையிலிருந்து தலைமன்னார் சுமார் 30 கிலோமீட்டர், இலங்கையின் ஏற்றுமதியில் பெரும்பங்கு தைத்த உடைகள், அவை நம் தலைக்கு மேலே அமெரிக்காவுக்கும் ஐரோப்பாவுக்கும் போகின்றன. திருப்பூர் பனியனுக்கும் இதே கதை. கைலி மட்டும் விதிவிலக்கு, அது இங்கேதான் மலிவு, ஊரிலிருந்து திரும்பிப் போகிறவர் பெட்டியில் எப்போதும் இரண்டு இருக்கும்.

நிஜமாகவே ஒப்பிட்டுப் பார்க்க விரும்புகிறவர் படத்தை அனுப்பாமல் எண்ணை அனுப்புங்கள். ஜாரா சீட்டில் சாய்கோடு போட்டுப் பிரித்த நீள எண், எச் அண்ட் எம்மில் ஆர்ட்டிகிள் எண், இவை உடைக்கு உடை மாறும். உள்பட்டியில் ஆர்.என். என்று இருக்கும் எண்ணை நம்ப வேண்டாம், அது அமெரிக்காவில் நிறுவனத்துக்குக் கொடுக்கிற பதிவு எண், உடைக்கானது கிடையாது. எண் பொருந்தவில்லை என்றால் பெயர் ஒன்றுதான், உடை வேறு. அமெரிக்க அவுட்லெட் கடைகளுக்கென்றே தனியாக, கொஞ்சம் மட்டமாகத் தைத்து அனுப்புவதும் வழக்கம். துபாயில் சேல் நேரத்து விலையை நம் ஊர் முழு எம்.ஆர்.பி.யோடு ஒப்பிடுவது இன்னொரு தப்பு, இங்கேயும் ஜனவரியிலும் ஜூலையிலும் தள்ளுபடி வரத்தான் செய்கிறது. ஃபர்ஸ்ட் காப்பியைப் பற்றி நான் எதுவும் சொல்லப்போவதில்லை, வாங்கியவர்களுக்கே தெரியும்.

கடைசியாக ஒன்று, வாட் திரும்பக் கிடைக்குமே என்று சிலர் கேட்பார்கள். கிடைக்கும், ஆனால் சுற்றுலாவாகப் போனவருக்கு மட்டும், அங்கேயே வேலை பார்க்கிற காக்காவுக்குக் கிடையாது. பில் குறைந்தது 250 திர்ஹம் இருக்க வேண்டும், கட்டிய வாட்டை முழுதாகத் தர மாட்டார்கள், ஒரு பங்கைப் பிடித்துக்கொண்டு மேலே 4.80 திர்ஹம் கட்டணமும் பிடிப்பார்கள். 250 திர்ஹம் பில்லுக்கு உள்ள வாட் 11.90, பிடித்தமும் கட்டணமும் போக விமான நிலையத்தில் கைக்கு வருவது ஐந்து திர்ஹம் சொச்சம்.